இரவில் மட்டும் ஏறும் முள்: 1973 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்றின் டேஷ்போர்டு கோளாறு

வண்டியும் பின்னணியும்

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில், பழைய பிரிட்டிஷ் கார்களின் மின்வேலையை மட்டும் பார்க்கும் எங்கள் சிறிய பட்டறைக்கு வந்த வண்டி இது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4, 1973ஆம் ஆண்டு. 1296 சி.சி. இன்ஜின், 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உலோக பாடியோடு இணைந்தது; மின்சாரம் திரும்பிப் போகும் வழி அதுவே), ஆல்டர்னேட்டர். கவென்ட்ரியில் கேன்லி தொழிற்சாலையில் செய்தது. ஸ்பிட்ஃபயரின் சேஸி ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி உருவாக்கியது. அதே ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் சென்னையை ஒட்டித் தயாரித்தது. இன்றும் ஹெரால்டைப் பராமரித்து ஓட்டுகிறவர்களுக்கு இந்த வண்டியின் மின்வேலையில் பெரும்பகுதி அந்நியமாக இருக்காது.

வண்டிக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பல வருடங்களாக வண்டியைக் கோடை வார இறுதிகளில் மட்டும் எடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு வாரம் ஒரு மாலை பக்கத்து ஊருக்குக் குழுப் பாடல் பயிற்சிக்கும் இதிலேயே போக ஆரம்பித்தார்.

அந்தக் கோடையில் டேஷ்போர்டின் மரப்பலகையில் வார்னிஷ் உரிந்துபோயிருந்ததால் மீட்டர்களைக் கழற்றி, பலகையை ஒரு தச்சரிடம் கொடுத்து இழைத்துப் புது வார்னிஷ் அடித்தார். திரும்பப் பூட்டியது அவரே. கையோடு கையாகப் பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளையும் மாற்றினார். எல்லாம் ஓடியது. கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை.

40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளுக்கு இங்கே 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.டி எனும் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே வேறொரு கண் இந்த வண்டியைப் பார்க்கும் வாய்ப்பும் இல்லாமல் போனது.

கோளாறு தெரிய ஆரம்பித்தது

அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்த பிறகு, பயிற்சிக்குப் போகும் வழியில் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏற ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தி, விளக்கை அணைத்து, பானெட்டைத் திறந்து பார்த்தால் ஆவி இல்லை, தண்ணீர் குறையவில்லை. சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் முள் இறங்கியிருக்கும். இன்ஜின் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஓட்டுவார். மறுபடி ஏறும்.

அவர் வழக்கமாகப் போகும் பொதுப் பட்டறை ஒன்று இதைக் கையில் எடுத்தது. முதலில், இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போக வழி திறக்கும் 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு 74 டிகிரியில் திறப்பதைப் போட்டார்கள். பலனில்லை. ரேடியேட்டர் கோரை மாற்றினார்கள். அதற்கும் பலனில்லை. அப்புறம் மீட்டர் மேல் சந்தேகம் வந்து, ஸ்பீடோமீட்டரின் முதுகில் இருந்துகொண்டு மீட்டர்களுக்கு மாறாத 10 வோல்ட் தரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரை எடுத்துவிட்டுப் புதிய எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் ஒன்றைப் பொருத்தினார்கள். பட்டறையில் வைத்து அளந்தார்கள், சரியாக 10 வோல்ட் வந்தது. மீட்டர் சரி என்று தீர்மானித்துவிட்டார்கள். அடுத்த யோசனை ஹெட் கேஸ்கெட். இன்ஜினின் தலையைக் கழற்ற வேண்டிய வேலை அது.

இதற்கு நடுவில் ஒரு மாலை பெட்ரோல் முள் இன்னும் மிச்சம் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி பெட்ரோல் இல்லாமல் நின்றுவிட்டது. தெருவிளக்கு இல்லாத கிராமத்துச் சாலை. அதை அவர் தனிக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, டேங்கில் பெட்ரோல் அளவை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் டேங்க் யூனிட் புதிதாக ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். ஹெட் கேஸ்கெட்டுக்குச் சம்மதிப்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்றுதான் எங்களிடம் வந்தார்.

முதல் கேள்வி: இன்ஜின் சூடாகிறதா, இல்லையா?

இரண்டு முள்ளும் சேர்ந்து தப்பாக ஏறுகிறது என்று கேட்டதுமே மின்வேலை தெரிந்தவர்களுக்கு ஸ்டெபிலைசர் பக்கம்தான் கண் போகும். எங்களுக்கும் போனது. ஆனால் இன்ஜினை முதலில் அளப்பது என்று முடிவு செய்தோம். மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று நம்பி ஓட்டி, அது உண்மையைச் சொல்லியிருந்தால் நஷ்டம் முழு இன்ஜின். அளப்பதற்கு ஆகும் செலவு கொஞ்சம் நேரம் மட்டுமே.

பகலில், விளக்கு எதுவும் போடாமல், இன்ஜினை நன்றாகச் சூடாக்கினோம். தெர்மோஸ்டாட் மூடியில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் 76, 77 டிகிரி என்று காட்டியது. டெம்பரேச்சர் முள் நடுவுக்குச் சற்றுக் கீழே. 74 டிகிரி தெர்மோஸ்டாட் போட்ட வண்டிக்கு இது பொருத்தமான கணக்குதான். பெட்ரோல் முள் கால் பங்கு காட்டியது. குச்சி விட்டுப் பார்த்ததில் டேங்கிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது கோளாறே இல்லாத வண்டி.

மாலையில் அவரையே ஓட்டச் சொல்லி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். பட்டறை வாசலில் ஹெட்லைட்டைப் போட்டார். முதல் வளைவு தாண்டும்வரை ஒன்றுமில்லை. அதன் பிறகு இரண்டு முள்ளும் சேர்ந்து, அவசரமே இல்லாமல், மேலே போயின. பெட்ரோல் கால் பங்கிலிருந்து பாதியைத் தாண்டியது. டெம்பரேச்சர் சிவப்பின் ஓரத்தைத் தொட்டது. நிறுத்தி, இன்ஜினையும் விளக்கையும் ஓடவிட்டு அளந்தோம். அதே 77.

இன்ஜின் குற்றவாளி இல்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

இதை ஏன் யாரும் விளக்கோடு சேர்த்துப் பார்க்கவில்லை என்று கேட்கலாம். காரணம் முள்ளின் சுபாவம். 1960களின் நடுவிலிருந்து பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் வந்த ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர்கள் இரட்டை உலோகத் தகட்டில் ஓடுபவை. மின்சாரம் ஒரு சுருளைச் சூடாக்கும், தகடு வளையும், முள் நகரும். நிதானமாகத்தான் நகரும். பள்ளத்தில் வண்டி குலுங்கினாலும் பெட்ரோல் முள் ஆடாமல் இருப்பதற்காக இப்படிச் செய்தது. விளக்கு சுவிட்சைப் போட்டதுக்கும் முள் ஏறியதுக்கும் நடுவே ஒரு நிமிடம்போல ஓடிவிட்டால், ஓட்டுகிறவர் இரண்டையும் முடிச்சுப் போடமாட்டார். அதைவிட, முள் ஏறிய வேளையெல்லாம் இருட்டிய வேளை. பட்டறைகள் வண்டியைப் பார்த்த வேளையெல்லாம் பகல்.

வண்டிக்காரர் போகிறபோக்கில் சொன்னது

திரும்பி வரும் வழியில் அவர் இன்னொன்று சொன்னார். டேஷ்போர்டைத் திரும்பப் பூட்டியபோது தான் ஏதோ இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டதாகவும், பிரைட் லைட்டுக்கான நீல விளக்கு தலைகீழாக வேலை செய்வதாகவும். டிம்மில் ஓட்டினால் நீலம் எரியும், பிரைட் போட்டால் அணையும். ஸ்பீடோமீட்டரின் உள்விளக்கும் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கல், பல்பு பழசாக இருக்கலாம் என்றார். சின்ன விஷயம், கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

எங்களுக்கு அதுதான் பெரிய விஷயம். முந்தைய பட்டறையின் பில்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் சொல்லவில்லையா, சொல்லியும் எழுதவில்லையா என்பது இப்போது முக்கியமில்லை.

நீல விளக்கு, ஸ்பீடோமீட்டரின் உள்விளக்குகள், ஸ்டெபிலைசர். மூன்றுக்கும் பொதுவாக இந்த வண்டியில் இருப்பது ஸ்பீடோமீட்டரின் உலோகக் கூடு மட்டும்தான். மூன்றும் அதன் வழியாகத்தான் எர்த்துக்குப் போகின்றன. பக்கத்திலேயே இருக்கும் ஆர்.பி.எம். மீட்டரின் உள்விளக்கு பளிச்சென்று எரிந்தது. சிக்னல் லைட்டும் பிரேக் லைட்டும் ஒழுங்காக வேலை செய்ததால், மீட்டர்களுக்கு மின்சாரம் தரும் பச்சை ஒயர் சர்க்யூட்டையும் அதன் பியூஸையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

எடுத்த முடிவு: கழற்றுவதற்கு முன் அளப்பது

மர டேஷ்போர்டை வெளியே எடுத்துவிட்டால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பழைய வண்டியில் அப்படி எடுக்கும்போது ஒயர்கள் அசைந்து, கழன்றது தானாகவே தொட்டுக்கொண்டு, கோளாறு மறைந்துவிடுவது உண்டு. சாட்சி கலைவதற்கு முன் வாக்குமூலம் வாங்கிவிட நினைத்தோம். கீழேயிருந்து கை நுழைகிற இடத்தில், ஸ்பீடோமீட்டர் கூட்டின் ஒரு திருகில் மல்டிமீட்டரின் ஒரு முனை. மற்றொன்று நேரே பேட்டரியின் நெகட்டிவில். இன்ஜின் ஓடுகிறது.

விளக்கு எதுவும் போடாதபோது 0.03 வோல்ட். பார்க்கிங் லைட் போட்டதும் 9.4. டிம்மிலும் கிட்டத்தட்ட அதே. பிரைட் போட்டால் 13.6.

எர்த்தில் இருக்க வேண்டிய கூடு, பிரைட் போட்டால் பேட்டரியின் பாசிட்டிவோடு சமமாக நிற்கிறது. ஸ்டெபிலைசரிலிருந்து மீட்டர்களுக்குப் போகும் வெளிர்பச்சை ஒயரையும் அளந்தோம். பகல் நிலையில் சரியாக 10 வோல்ட். விளக்கு போட்டால் 12.5ஐத் தொடுகிறது. முந்தைய பட்டறை அளந்ததும் தப்பில்லை. விளக்கு போடாமல் அளந்தார்கள், 10 வந்தது.

பிறகு இரு முனையிலும் கிளிப் வைத்த ஒயர் ஒன்றை எடுத்து, கூட்டுத் திருகையும் வண்டியின் பாடியையும் இணைத்தோம். ஸ்பீடோமீட்டர் உடனே பளிச்சென்று எரிந்தது, டிம்மில் இருந்த நீலம் அணைந்தது. இரண்டு முள்ளும் வந்த வேகத்திலேயே, மெல்ல, இறங்கி உண்மையான இடத்தில் நின்றன.

உள்ளே நடந்தது என்ன

கூட்டின் எர்த் அறுந்துவிட்டது. ஆனால் மின்சாரம் அதோடு விட்டுவிடுவதில்லை, வேறு வழி தேடும். பார்க்கிங் லைட் போட்டால் சிவப்பு-வெள்ளை ஒயர் வழியாக உள்விளக்குகளுக்கு மின்சாரம் வருகிறது, பல்பைத் தாண்டிக் கூட்டுக்குப் போகிறது. கூட்டிலிருந்து வெளியேற ஒரே வாசல் நீல விளக்கின் பல்பு. அதைக் கடந்து நீலம்-வெள்ளை ஒயரில் பின்னோக்கி ஓடி, அந்த நேரம் எரியாமல் இருக்கும் பிரைட் லைட்டின் இழைகள் வழியாக பாடியை அடைகிறது. இரண்டு உள்விளக்குகள் பக்கவாட்டில் சேர்ந்து, அவற்றோடு ஒரு நீல பல்பு தொடராக நிற்கிறது. வோல்டேஜில் பெரும்பங்கை ஒற்றை பல்பு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நீலம் எரிந்தது, உள்விளக்கு மங்கியது. பிரைட் போட்டால் நீலம்-வெள்ளை ஒயரும் பாசிட்டிவ் ஆகிவிடுகிறது. இரு பக்கமும் ஒரே வோல்ட், நடுவில் ஓட்டம் இல்லை. எல்லாம் அணைந்துவிடும். எந்த ஒயரும் மாறிப்போகவில்லை.

ஸ்டெபிலைசரும் இதே கூட்டை நம்பித்தான் இருக்கிறது. பேட்டரி 12லிருந்து 14 வோல்ட் வரை ஏறி இறங்குவதால், முள் அதற்கேற்ப ஆடாமல் இருக்க மீட்டர்களுக்கு 10 வோல்ட் மட்டும் தருவது அதன் வேலை. பழைய வகையில் ஒரு சுருள் சூடாகித் தகட்டை வளைத்து இணைப்பை விட்டு விட்டுத் துண்டிக்கும்; சராசரி 10 வோல்ட். கூடு 9 வோல்ட்டில் நின்றால் அந்தச் சுருளுக்குக் கிடைப்பது மிச்சமுள்ள நாலைந்து வோல்ட்தான். தகடு வளையாது, இணைப்பு விடாது, மீட்டருக்கு முழு பேட்டரி வோல்டேஜும் போகும். எலக்ட்ரானிக் வகையும் 10 வோல்ட்டைக் கூட்டிலிருந்துதான் கணக்கிடுகிறது. கூடே மேலே போய்விட்டால், அதுவும் தன்னால் முடிந்த மட்டும் மேலே அனுப்பும். ஆகவே ஸ்டெபிலைசரை மாற்றியதால் ஒன்றும் மாறவில்லை.

இனி டேங்க் யூனிட்டும் இன்ஜின் சென்சாரும். இவை இரண்டும் டேஷ்போர்டைச் சாராமல், தாங்கள் இருக்கும் இடத்திலேயே எர்த் ஆனவை. ஒரு முனையில் அதிக வோல்ட், மறுமுனையில் நல்ல எர்த். முள் ஏறாமல் என்ன செய்யும்?

பகலில் சரியாக இருந்ததற்கும் இதே வழிதான் காரணம். விளக்கு எதுவும் போடாதபோது குளிர்ந்த பல்பு இழைகள் சில ஓம் மட்டுமே தடை தரும். ஸ்டெபிலைசருக்குத் தேவையான சொற்ப மின்சாரத்துக்கு அந்தத் திருட்டு வழியே போதுமான எர்த்.

திறந்து பார்த்தபோது

பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் டேஷ்போர்டில் கை வைத்தோம். இந்த வண்டிகளில் சாவி சுவிட்சுக்கும் விளக்கு சுவிட்சுக்கும் வரும் பழுப்பு ஒயர்கள் பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேராக வருபவை. அங்கே ஸ்பேனர் ஒன்று தொட்டுவிட்டால் ஒயர் கட்டே எரிந்துபோகும்.

ஸ்பீடோமீட்டரின் கறுப்பு எர்த் ஒயர், அதன் வளையத்தோடு, ஒயர் கட்டின் மேல் டேப் சுற்றிப் பத்திரமாக ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. கழற்றும்போது தொங்காமல் இருக்க ஒட்டியது, பூட்டும்போது கண்ணில் படவில்லை. ஸ்பீடோமீட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்பின் கால்கள் மரத்தில், அதிலும் புது வார்னிஷில், உட்கார்ந்திருந்தன. தகர டேஷ்போர்டாக இருந்தால் கிளாம்பே எர்த் கொடுத்திருக்கும், இந்தக் கதை இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளை அவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இரும்புச் சுருள் உறை, உலோக நட்டு. கியர்பாக்ஸிலிருந்து கூடு வரை அதுவே ஒரு எர்த். புதிய கேபிளின் நட்டு பிளாஸ்டிக். கறுப்பு ஒயர் கழன்றிருந்தாலும் பழைய கேபிள் ஓரளவு சமாளித்திருக்கும். இரண்டும் ஒரே வேலையில் போனதால் கூடு அந்தரத்தில் நின்றது. கேபிள் எர்த் ஆவது நல்லதும் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரின் எர்த் கெட்டிருக்கும் வண்டிகளில் சோக் கேபிளும் ஸ்பீடோ கேபிளும் கை சுடும் அளவுக்குச் சூடாவதைப் பார்த்திருக்கிறோம்.

செய்த வேலை

கறுப்பு ஒயரை அதன் இடத்தில், கிளாம்புத் திருகின் கீழே, துருவும் வார்னிஷும் சுரண்டிய உலோகத்தில் பல் வாஷரோடு முறுக்கினோம். கூடுதலாக ஒரு கறுப்பு ஒயரைக் கூட்டிலிருந்து இன்ஜின் பக்கத் தகரச் சுவரில் இருக்கும் எர்த் திருகுக்குத் தனியாகக் கொண்டுபோனோம். அதை நேரே பேட்டரிக்கே இழுக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கு யோசனை. வேண்டாம் என்று நான் நின்றேன். பாடி எர்த் என்றைக்காவது பழுதானால், மெல்லிய மீட்டர் ஒயரில் பெரிய கரண்ட் பாய வழி செய்துகொடுத்ததாக ஆகிவிடும்.

இப்போது எல்லா விளக்கும் போட்டு அளந்தால் கூட்டில் 0.02 வோல்ட்.

பெட்ரோல் மீட்டரைத் தனியாகவும் சோதித்தோம். டேங்கிலிருந்து வரும் ஒயருக்குப் பதில் 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எர்த்துக்குக் கொடுத்தால் முள் சுமாராக நடுவில் நிற்க வேண்டும், நின்றது. டேங்க் யூனிட்டின் தடை மிதவையை நகர்த்த நகர்த்தத் தாவாமல் மாறியது. ஆர்டர் கொடுத்த புது யூனிட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டோம்.

74 டிகிரி தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு 82ஐத் திரும்பப் போட்டது வண்டிக்காரருக்கு முதலில் பிடிக்கவில்லை. சூட்டுக்குப் பயந்து இவ்வளவு செலவு செய்தவருக்கு அது இயல்புதான். ஆனால் குளிர்காலத்தில் இன்ஜின் தேவைக்குக் கீழே ஓடினால் பெட்ரோல் வீணாகும், ஹீட்டரும் சூடு தராது. ஹீட்டர் பலவீனமாக இருப்பதாக அவரே குறை சொல்லியிருந்தார். அதை எடுத்துச் சொன்னதும் சரி என்றார்.

பின்னர் நடந்தது

ஹெட் கேஸ்கெட் வேலை ரத்தானது. எங்கள் வேலையின் செலவில் பொருளுக்கு ஆனது ஒரு முழம் ஒயரும் இரண்டு வளையமும். மிச்சம் நேரக் கூலி. ரேடியேட்டர் கோருக்குக் கொடுத்தது திரும்பாது. கழற்றிப் போட்ட பழைய ஸ்டெபிலைசரையும் மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தோம், ஒழுங்காகத் துண்டித்து இணைத்துக்கொண்டிருந்தது. எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசரிலும் குறை இல்லாததால் அதையே வண்டியில் விட்டு, பழையதை அவரிடமே கொடுத்தோம்.

குளிர்காலம் முழுக்க மாலைப் பயிற்சிக்கு வண்டி போய்வந்தது. டெம்பரேச்சர் முள் பகலிலும் இரவிலும் ஒரே இடத்தில் நின்றது. டேங்க் நிரம்பினால் பெட்ரோல் முள் கோட்டைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. மீட்டரின் முதுகில் இருக்கும் துளைகள் வழியாக அதைத் திருத்தலாம், ஆனால் 50 வருடத் தகடு அது, வளைத்தால் உடையலாம். நிரம்பியிருக்கும்போது கொஞ்சம் அதிகம் காட்டுவதால் யாரும் நடுவழியில் நிற்கப்போவதில்லை என்பதால் விட்டுவிட்டோம்.

பட்டறையில் மாறியவை

வண்டியை உள்ளே எடுக்கும்போது நிரப்பும் தாளில், கோளாறு வரும் நேரத்தில் விளக்கு, வைப்பர், ஹீட்டர் ஃபேன், சிக்னல் இவற்றில் எவை ஓடிக்கொண்டிருந்தன என்று கேட்க ஒரு வரி சேர்த்தோம். 'சம்பந்தமில்லாத சின்னக் குறைகள்' என்று இன்னொரு வரியும். வண்டிக்காரர்கள் நேராகக் கேட்டால் தவிர சொல்லமாட்டார்கள், நேரம் வீணாகுமே என்று தயங்குவார்கள்.

ஸ்டெபிலைசரின் 10 வோல்ட்டை இப்போது விளக்கு போடாமல் ஒரு முறை, எல்லாம் போட்டு ஒரு முறை அளக்கிறோம். மரம் அல்லது பிளாஸ்டிக் டேஷ்போர்டு உள்ள வண்டிகளில் ஒவ்வொரு மீட்டரின் கூட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே உள்ள வோல்ட்டைத் தனித்தனியாகப் பார்க்கிறோம், 0.1க்கு மேல் போனால் எர்த்தைத் தேடுகிறோம். தானே டேஷ்போர்டைக் கழற்ற நினைக்கும் வண்டிக்காரர்களிடம், ஒயரைக் கட்டோடு சேர்த்து டேப் ஒட்டாமல், அது இருந்த திருகிலேயே நட்டைப் போட்டு விட்டுவைக்கச் சொல்கிறோம். பிளாஸ்டிக் நட்டு உள்ள ஸ்பீடோ கேபிள் போடும்போதெல்லாம் கறுப்பு ஒயர் இருக்கிறதா என்று பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் வந்த பிறகு இதே கோளாறோடு ஒரு ஹெரால்டு வந்தது; அதில் நீல விளக்கு எரியவேயில்லை, ஏனென்றால் யாரோ எரிச்சலில் அந்த பல்பையே பிடுங்கிவிட்டிருந்தார்கள்.